பதினெட்டு நிறைந்த மறுநாள் எங்கே போவது?

(வேங்கிக்காலில் நடந்த தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எங்களுக்கு முன் பேசிய தோழர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ஒதுக்கியிருப்பது வேறொரு விஷயம். சங்கக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கூட்டம் கலைவதற்குள் அவர்களுக்கே விளங்கிவிடும்.

குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்த பிறகு என்ன ஆகிறது? அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பதினெட்டு வயது வரை சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. அதற்குச் சட்டம் பொறுப்பேற்றுக்கொள்கிறது. பதினெட்டு நிறைந்ததும் அவன் குழந்தையல்ல, மேஜர். அவன் இடத்துக்கு வேறொரு குழந்தை காத்திருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். வந்தவன் எங்கே போவது? யார் வீட்டுத் திண்ணையில் படுப்பது?

பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் என்ன தெரியும்? காலேஜுக்குப் பணம் கட்டுவது அப்பன். துணி துவைத்துக் கொடுப்பது வேலைக்காரி. இருபத்தைந்து வயது வரை அவன் 'பையன்'தான். நம் வீட்டுப் பிள்ளை பதினெட்டில் வேலைக்குப் போகிறான், உண்மை. ஆனால் மில்லில் ஆட்குறைப்பு வந்தால், மழை பெய்து வயல் வேலை நின்றால், அவன் திரும்பி வர ஒரு குடிசை இருக்கிறது. அதில் ஒரு பானை கஞ்சி இருக்கிறது. இல்லத்திலிருந்து வெளியே வந்தவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. வித்தியாசமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் யார்? 'அநாதைகள்' என்று ஊர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறது. அந்த வார்த்தை எங்களுக்குப் பிடிப்பதில்லை; அது உண்மையும் அல்ல. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இந்த ஜில்லாவிலிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்கள் யார்? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் யார்? பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ரயிலேறுகிறவர்கள் யார்? புருஷன் செத்த பிறகு மூன்று பிள்ளைகளில் ஒன்றை இல்லத்தில் விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒருநாள் பிஸ்கட் பொட்டலத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிற தாய் யார்? இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் உண்டு. பௌர்ணமிக் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வரும் ஊர் இது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளையும் உண்டு. தொலைக்கப்பட்ட பிள்ளையும் உண்டு. பெற்றவள் எந்தக் கஷ்டத்தில் அப்படிச் செய்தாள் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

2015 ஏப்ரல் 7-ந் தேதியை இந்த ஜில்லா மறந்திருக்காது. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் நம் ஜில்லாவின் கூலி ஜனங்கள். அன்று அந்த வீடுகளில் ஏழெட்டு வயதாக இருந்த பிள்ளைகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதுதான் அவர்கள் பதினெட்டைத் தாண்டுகிறார்கள்.

இரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் சங்க ஆபீசுக்கு ஒரு வாலிபன் வந்தான். செங்கல் சூளையில் கூலி பாக்கி என்று வந்தான். விசாரித்ததில் கதை நீண்டது. ஏழு வயதிலிருந்து ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். பிளஸ் டூ பாஸ். இல்லத்திலிருந்து வெளியே வந்ததும் தூரத்து மாமன் ஒருவன் தேடி வந்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். பதினோரு வருஷமாக எட்டிப்பார்க்காத மாமனுக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது! ஒரு மாதம் சோறு போட்டான். இரண்டாவது மாதம் பையன் பெயரில் சூளைக்காரனிடம் முப்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அட்வான்ஸ் வாங்கியது ஒருவன், மண் மிதித்தது இன்னொருவன். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்!

அந்தப் பையனோடு பழகப் பழகத்தான் எங்களுக்குப் பல விஷயங்கள் விளங்கின. அவனுக்கு அல்ஜிப்ரா தெரியும். ஒரு கிலோ அரிசி என்ன விலை என்று தெரியாது. ஐம்பது ரூபாய்க்கு மேல் அவன் கையில் பணம் இருந்ததே இல்லை. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் படுத்தவன். யாராவது அதட்டிப் பேசினால் உடனே கை கட்டி நிற்பான். சூளைக்காரன் வேலையை அது சுலபமாக்கிவிட்டது. சோம்பேறி என்றோ, அசடு என்றோ யாரும் நினைக்க வேண்டாம். பத்து வருஷம் ஒருவனுக்காக எல்லாவற்றையும் பிறரே தீர்மானித்துவிட்டு, பதினோராவது வருஷம் ஒரே நாளில் 'இனி நீயே தீர்மானித்துக்கொள்' என்றால் யார்தான் தடுமாறமாட்டார்கள்?

தோழர்கள் சூளைக்காரனிடம் பேசிக் கணக்கைத் தீர்த்தார்கள். ஒரு தோழர் வீட்டில் இடம் கொடுத்தார். பையன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். இப்போது வயரிங் வேலை செய்கிறான். இரண்டு மாத வீட்டு வாடகை பாக்கியும் வைத்திருக்கிறான். அந்த விஷயத்தில் நம்மைப் போலவே ஆகிவிட்டான்.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் மோசம். பதினெட்டு நிறைந்த பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கும் வழிகள் இரண்டுதான்: ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் மில் ஏஜெண்டு. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பிடிக்கவில்லையென்றால் திரும்பி வரத் தாய்வீடும் கிடையாது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பு மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே, ஞாபகமிருக்கிறதா? மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொல்லி நம் ஜில்லாக்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண், இல்லத்திலிருந்து வந்து நேராக ஒரு மில் விடுதிக்குப் போனவள். ஒன்றரை வருஷத்தில் மூச்சிரைப்போடு திரும்பி வந்தாள். காலக்கெடு முடியவில்லை, ஆகவே மொத்தப் பணம் கிடையாது என்றார்கள். இல்லத்து விடுதியிலிருந்து மில் விடுதிக்கு. அங்கேயும் மணி, இங்கேயும் மணி! அந்த மில்களில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். இப்படி வருகிற பெண்ணைக் குறைந்த கூலிக்காரி என்று நீங்கள் ஒதுக்கினால், முதலாளி அவளை வைத்தே உங்கள் கூலியை வெட்டுவான். அவள் வீட்டிலிருந்து வந்து கேட்பவர் யாரும் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவிலேயே குழந்தைகளுக்கென்று முதலில் தனிச் சட்டம் போட்டது நம் சென்னை ராஜதானிதான், வருஷம் 1920. இப்போது நாடு முழுவதற்கும் இருப்பது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அதில் 'பிற்காப்பு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இல்லத்திலிருந்து வெளியேறியவர்களுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயது வரை பண உதவியும் மற்ற உதவிகளும் செய்வதுதான் பிற்காப்பு. 2016-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள் இதை விரிவாகச் சொல்கின்றன. ஆறு பேர் முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து தற்காலிகமாகத் தங்க வீடு, தொழில் பயிலும் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்கு உதவி, சுயதொழிலுக்குக் கடன், அடிக்கடி சந்தித்து யோசனை சொல்ல ஓர் ஆலோசகர். விசேஷ சந்தர்ப்பங்களில் இருபத்து மூன்று வயது வரையிலும் நீட்டிக்கலாம். படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சட்டத்தின் 46-வது பிரிவைக் கவனித்துப் பாருங்கள். பதினெட்டு நிறைந்து இல்லத்தைவிட்டுப் போகிறவருக்குப் பண உதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. 'வழங்கப்பட வேண்டும்' என்று சொல்லவில்லை. வழங்கப்பட'லாம்'! ஒரு 'லாம்' போதும் தோழர்களே, ஒரு வாலிபனின் சோற்றுத்தட்டைப் பிடுங்குவதற்கு. நிதி இருந்தால் தரலாம். ஆபீசருக்கு மனமிருந்தால் தரலாம். மனு சரியாக இருந்தால் தரலாம். வரி கட்டுவதற்கு எந்தச் சட்டமாவது 'கட்டலாம்' என்று சொல்லியிருக்கிறதா? மளிகைக்கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் வரியை எடுத்துக்கொண்டுதானே மீதிச் சில்லறை தருகிறார்கள்? இந்த 'லாம்' மாற வேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் தலையானது.

பணம் எவ்வளவு? மத்திய சர்க்காரின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்கு முன் 2,000 ஆக இருந்தது. இரட்டிப்பாக்கிவிட்டோம் என்று பெருமை பேசுகிறார்கள். நாம் கணக்குப் போடுவோம். 4,000 ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 133 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலியே 336 ரூபாய். அந்தக் கூலியில் பன்னிரண்டு நாள் சம்பளம்கூட இல்லை இது. திருவண்ணாமலையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, சாப்பிட்டு, பஸ் ஏறி, தொழில் படிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்களும் ஆசிரமங்களும் நிறைந்த கோயில் ஊரில் வாடகை எப்படி இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 4,000 வேண்டாமென்று சொல்லவில்லை. அது கிடைக்கட்டும் முதலில். கிடைப்பவர்கள் எத்தனை பேர், கேட்டும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று ஜில்லாவாரியாகக் கணக்கை வெளியிடச் சொல்லுங்கள்.

இதே திட்டத்தில் இன்னொரு பகுதி நம் தாய்மார்களுக்கு முக்கியமானது. பிள்ளையை இல்லத்தில் விடாமல் வீட்டிலேயே வளர்ப்பதற்கும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. விதவைகளின் பிள்ளைகள், தாய்தந்தை இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் முதலானோருக்கு இது. ஆனால் வருமான வரம்பு வைத்திருக்கிறார்கள்: கிராமத்தில் வருஷத்துக்கு 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். அதாவது கிராமத்தில் மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் அந்தக் குடும்பம் வசதியான குடும்பம்! வரம்பு அநியாயமாகக் குறைவு. இருந்தாலும் அதற்குள் வருகிறவர்கள் நம்மில் ஏராளம். மனுப் போட்டவர்கள் எத்தனை பேர்? தமிழக சர்க்கார் 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், தாய்தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்றும், அதன் பிறகு மேற்படிப்புக்கும் தொழில் பயிற்சிக்கும் வழிசெய்வதாகவும் அறிவித்தது. கொரோனாவில் தாய்தந்தை இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு 2021-ல் ஐந்து லட்ச ரூபாய் டெபாசிட் அறிவித்தார்கள். பதினெட்டு நிறைந்ததும் வட்டியோடு அந்தப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டியது. நம் கிராமங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தால் அந்தப் பணத்தின்மீது எந்த மாமனின் கண் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லங்களையே மூடிவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்கிறவர்களும் டில்லியில் இருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு, இல்லப் பிள்ளைகளை நூறு நாட்களுக்குள் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியது. கொரோனாக் காலத்தில் நாட்டிலிருந்த ஏறத்தாழ 2 லட்சத்து 27 ஆயிரம் இல்லப் பிள்ளைகளில் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர் வீடு திரும்பியிருந்தார்கள். எந்த வீட்டுக்கு? வேலை இல்லாமல், அடுப்பு எரியாமல் கிடந்த வீட்டுக்கு! அந்த வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, திரும்பிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியதாயிற்று. பிள்ளை குடும்பத்தில் வளர்வதுதான் நல்லது. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் குடும்பத்துக்குக் கூலி கொடுக்காமல் பிள்ளையை மட்டும் திருப்பிக் கொடுப்பது சீர்திருத்தம் ஆகாது; செலவுக் குறைப்புதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் 2000-ஆம் வருஷம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். சர்க்கார் பராமரிப்பிலிருந்து வெளிவருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஆலோசகர். வெளியே போகுமுன் எழுத்து மூலமான திட்டம். 2017-ல் வந்த இன்னொரு சட்டம் இங்கிலாந்தில் அந்த ஆலோசகரின் உதவியை 25 வயது வரை நீட்டியது. அமெரிக்காவிலே பிள்ளைகளைப் பெரும்பாலும் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கிறார்கள். அங்கேயும் பதினெட்டில் தெருவுக்கு வந்தவர்கள் ஏராளம். 1999-ல் ஒரு சட்டம், 2008-ல் இன்னொரு சட்டம் போட்டு, 21 வயது வரை பராமரிப்பைத் தொடர மாகாணங்களுக்கு மத்திய நிதி கொடுத்தார்கள். முதலாளித்துவ நாடுகள் தயவால் இதைச் செய்துவிடவில்லை. இல்லங்களில் வளர்ந்தவர்களே சங்கம் அமைத்து, சபைகளுக்குப் போய்ச் சாட்சி சொல்லி, கேட்டு வாங்கினார்கள். நம் நாட்டில் வளர்ப்புக் குடும்ப முறை சட்டத்தில் இருக்கிறது. 2024-ல் நெறிமுறைகளைத் திருத்தித் தனியாக வாழ்கிறவர்களும் குழந்தையை வளர்ப்புக்கு ஏற்கலாம் என்றார்கள். நடைமுறையில் அது இன்னும் சொற்பம்.

இந்த இடத்தில் மக்கரங்கோவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1920-ல் உக்ரேனில் போல்ட்டாவா நகரத்துக்குப் பக்கத்தில், உள்நாட்டு யுத்தத்தில் வீடிழந்து திருடித் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு குடியிருப்பை அவர் தொடங்கினார். பின்னால் 1927-ல் கார்க்கோவ் நகரத்தில் தொடங்கிய கம்யூன் ஒன்றையும் நடத்தினார். அங்கே பிள்ளைகள் பாதி நாள் படித்தார்கள், பாதி நாள் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். என்ன வேலை? கூடை பின்னுவதா, மெழுகுவத்தி செய்வதா? இல்லை. மின்சாரத் துளைப்பான் செய்தார்கள். அதன் பிறகு 'ஃபெட்' என்ற காமிராவை நுட்பமான லென்ஸ் சகிதம் செய்தார்கள். அன்று தேசம் முழுவதும் விற்பனையான காமிரா அது. பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். குடியிருப்பின் காரியங்களைப் பிள்ளைகளின் தலைவர்கள் கூடிய சபையே தீர்மானித்தது. தொழிலாளர் கல்லூரியில் சேர்ந்து என்ஜினீயரானவர்களும் ஆசிரியரானவர்களும் அவர்களில் உண்டு. எல்லாம் சொர்க்கம் என்று நாங்கள் கதை சொல்ல வரவில்லை. பசியும் திருட்டும் சண்டையும் இருந்ததை மக்கரங்கோவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் பிள்ளைகளைப் பரிதாபத்துக்குரியவர்களாக நடத்தவில்லை. வேலை தெரிந்த மனிதர்களாக நடத்தினார்.

நம் இல்லங்களில் தொழில் பயிற்சி என்றால் தையல் மெஷினைத்தான் காட்டுகிறார்கள். தையல் கேவலமான தொழில் அல்ல. ஆனால் செய்யாறு சிப்காட்டில் என்ன வேலை இருக்கிறது, ஆரணி நெசவில் என்ன இருக்கிறது, களம்பூர் அரிசி ஆலைகளில் மோட்டார் ரிப்பேர் பார்க்க யார் வேண்டியிருக்கிறது என்று யாராவது விசாரித்தார்களா? பதினாறு வயதிலேயே விசாரித்து, பிள்ளையிடமும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதி வைக்க வேண்டும் என்று 2017 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டு இல்லங்களில் நடந்த கொடுமையை வைத்துத் தொடங்கிய வழக்கில் வந்த தீர்ப்பு அது.

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்றைச் சொல்கிறோம். காலேஜில் சேர்ந்த இல்லப் பிள்ளை சர்க்கார் விடுதியில் தங்குகிறான். தீபாவளிக்கு விடுதியைப் பூட்டுகிறார்கள். பொங்கலுக்குப் பூட்டுகிறார்கள். பரீட்சை முடிந்து ஒன்றரை மாதம் பூட்டுகிறார்கள். எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். இவன் எங்கே போவான்? எந்த ஜி.ஓ.விலும் இதற்குப் பதில் எழுதியதாகத் தெரியவில்லை. ஊரெல்லாம் கார்த்திகை தீபம் பார்க்க வரும்போது பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடக்கும் வாலிபன் குடிகாரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்தது காகித விஷயம். இந்த நாட்டில் சோறில்லாமல்கூடக் கொஞ்ச நாள் இருந்துவிடலாம்; காகிதமில்லாமல் ஒருநாள் இருக்க முடியாது. ஆதாரில் இல்லத்தின் முகவரி. வெளியே வந்த பிறகு அது செல்லுமா? ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் குடும்பம் எது? முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தில் யார் யார் படித்தார்கள் என்று கேட்கிறார்கள்; குடும்பமே இல்லாதவன் என்ன எழுதுவான்? சாதிச் சான்றுக்கு அப்பன் சான்றைக் கொண்டுவா என்கிறார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: பத்து வயதுக்குள் தாய்தந்தையை இழந்து, கவனிக்க வேறு யாருமில்லாமல், சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சான்றைப் பதினெட்டு வயதுக்கு முன்பே, இல்லத்தின் பதிவேடு கையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். பெற்றோர் தாழ்த்தப்பட்டவர் என்று தெரிந்தால் அதற்குரிய சான்றையே கேளுங்கள். அந்த உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லக்கூடாது. செத்துப்போன அப்பன் பெயரில் அரை ஏக்கர் இருந்தால் வாரிசுச் சான்றும் அப்போதே வேண்டும். சித்தப்பன் வேலி போட்ட பிறகு கோர்ட்டுக்கு அலைவது யார்?

இப்போது மில் தொழிலாளர்களுக்கு. உங்களோடு பக்கத்து மெஷினில் நின்றவர் ஒருவர் செத்துப்போயிருக்கிறார், பிறகு அவர் சம்சாரமும் போய்விட்டார் என்று வையுங்கள். அவர்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா? 1995-ஆம் வருஷத்து ஓய்வூதியத் திட்டத்தில் தாய்தந்தை இல்லாத பிள்ளைகளுக்குத் தனி பென்ஷன் இருக்கிறது. விதவைப் பென்ஷனில் முக்கால் பங்கு; குறைந்தது மாதம் 750 ரூபாய்; ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் வரை; 25 வயது நிறையும்வரை. கவனியுங்கள், பதினெட்டு அல்ல, இருபத்தைந்து! தொழிலாளி வேலையிலிருக்கும்போது இறந்தால் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே இந்த உரிமை உண்டு. கேட்க வேண்டிய பாரம் 10-டி. இதைத் தவிர பி.எப்.போடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் பணம் உண்டு. 2021-லிருந்து அது அதிகபட்சம் ஏழு லட்சம். வேலையில் ஏற்பட்ட விபத்தில் இறந்தவராயிருந்தால், இ.எஸ்.ஐ.யில் சார்ந்தோர் உதவித்தொகை மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை வர வேண்டும். யாருடைய தர்மமும் அல்ல இது. அந்தத் தொழிலாளி ரத்தம் சிந்திச் சேர்த்த பணம். பிள்ளை இல்லத்தில் இருக்கிறான். பணம் ஆபீஸில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்க ஆளில்லை. சங்கம் அந்த ஆளாக இருக்க முடியாதா? விவசாயத் தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்டம், நலவாரியம் என்று இருக்கின்றன. கார்டைப் புதுப்பிக்காமல் பரணில் போட்டுவைத்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது.

வேங்கிக்காலில் இருக்கிறோம். கலெக்டர் ஆபீஸ் இங்கேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ஜவ்வாது மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறார்கள். நாம் நடந்தே போகலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அமைப்பு இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. பிற்காப்புக்கு உத்தரவு போடும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. உத்தரவை வாய்மொழியாகக் கேட்காதீர்கள்; மனுவாக எழுதி, ரசீது வாங்கிக் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு நம்பர் போட்டுத் தருகிறார்கள்; அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் சிப்பந்திகளில் நல்லவர்கள் உண்டு. ஆள் போதாமல், ஒப்பந்தச் சம்பளத்தில், பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போடுவதல்ல நம் வேலை. அவர்கள் சம்பளத்துக்காகவும் சேர்த்துப் பேசுவது நம் வேலை.

மகஜரில் எழுதப்போவதைப் படித்துக் காட்டிவிடுகிறோம். பிற்காப்பு உதவியைக் கட்டாயமாக்க வேண்டும். அது குறைந்தபட்சக் கூலியோடு சேர்ந்து உயர வேண்டும். ஜில்லாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே வாடகை வீடுகள் வேண்டும். மதிலும் வார்டனும் உள்ள இன்னொரு இல்லம் நாங்கள் கேட்கவில்லை. சர்க்கார் விடுதிகள் விடுமுறையில் ஒரு பகுதியாவது திறந்திருக்க வேண்டும். காகிதங்கள் எல்லாம் பதினேழு வயதிலேயே பிள்ளையின் கைக்கு வர வேண்டும். இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள். இல்லத்தில் வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால் அவர்கள்தான் முதலில் பேச வேண்டும். எங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

மேடைக்கு இடதுபுறம் மேஜை போட்டுத் தோழர்கள் இருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் தெருவில், உங்கள் மில்லில், தாய்தந்தை இல்லாத பிள்ளையோ, இல்லத்திலிருந்து வந்த வாலிபனோ இருந்தால் ஊரையும் வயதையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். இறந்த தொழிலாளியின் பி.எப். நம்பர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நம்பர் தெரியாவிட்டால் மில் பெயரும், எந்த வருஷம் இறந்தார் என்பதும் போதும். மற்றதைத் தோழர்கள் தேடி எடுப்பார்கள்.